கலிவேட்டை முடிந்த பின்: மதுவும் போதையும் பற்றி ஒரு பாடம்

அய்யா துணை



சாமிதோப்புத் தலைமைப்பதியில் ஆவணி, தை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களிலும் பதினொரு நாள் திருவிழா நடப்பது நாம் அறிந்ததே. வெள்ளிக்கிழமை கொடி ஏறுகிறது. எட்டாம் நாள் அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்கு எழுந்தருளுகிறார். பதினோராம் நாள் தேர் ஓடுகிறது. அந்த நாட்களில் நம் வீடுகளில் மீன்சட்டியைக் கவிழ்த்து வைக்கிறோம். வெள்ளை உடுத்துகிறோம். நெற்றியில் நாமம் இட்டு, தலைப்பாகை கட்டிப் பதிக்குச் செல்கிறோம். நாள்தோறும் குடிக்கிறவர்கூட அந்தப் பதினொரு நாளும் குடியைத் தொடுவதில்லை.

பன்னிரண்டாம் நாள் என்ன நடக்கிறது என்பதும் நாம் அறிந்ததே. கொடி இறங்கிய மறுநாள் மாலையில், நம் மக்களில் சிலர் மதுக்கடை வாசலில் நிற்கிறார்கள். வெளியே விரட்டிய கலியை மறுநாளே வீட்டுக்கு அழைத்து வருவதற்கு ஒப்பானது இது. இந்தப் பாடம் அந்தப் பன்னிரண்டாம் நாளைப் பற்றியது. யாரையும் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் இதில் சிக்கியிருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கலி எங்கே இருக்கிறான்?

குறோணி என்னும் அசுரன் ஆறு துண்டாக்கப்பட்டதையும், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் அசுரனாகப் பிறந்ததையும் அகிலத்திரட்டு அம்மானை நமக்குச் சொல்கிறது. முன் யுகங்களில் அசுரனுக்கு உடல் இருந்தது, கோட்டை இருந்தது, படை இருந்தது. எதிரே நின்று போர் செய்ய முடிந்தது. இந்த யுகத்துக் கலியோ மனிதர் மனத்துக்குள் மாயையாகப் புகுந்து வேலை செய்கிறான். ஆகையால் அவனை வாளால் வெட்ட முடியாது என்று நம் பெரியவர்கள் விளக்குவார்கள்.

போதை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இந்த விளக்கம் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். குடிக்கிறவரை யாரும் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதில்லை. "இன்று ஒருநாள் மட்டும்", "உடம்பு வலிக்கிறது", "வேலை கிடைத்த சந்தோஷம்", "வேலை போன கவலை" என்று அவருடைய மனமே அவருக்குக் காரணம் சொல்லிக் கொடுக்கிறது. சந்தோஷத்துக்கும் அதுதான் காரணம், துக்கத்துக்கும் அதுதான் காரணம். இரண்டு எதிரான காரணங்கள் ஒரே கடைக்கு வழி காட்டும்போது, அங்கே பேசுவது மாயை என்று அறிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவமும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. மூளையில் மகிழ்ச்சியை உணர்த்தும் ஒரு பகுதி இருக்கிறது. நல்ல உணவு, பிள்ளையின் சிரிப்பு, செய்து முடித்த வேலை இவற்றால் அது இயல்பாகத் தூண்டப்படுகிறது. மதுவும் போதைப் பொருளும் அதை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன. நாளாக ஆக மூளை அதற்குப் பழகிவிடுகிறது. முதலில் சந்தோஷத்துக்காகக் குடித்தவர், பிறகு நடுக்கம் வராமல் இருப்பதற்காகக் குடிக்கிறார். அந்த நிலைக்கு வந்துவிட்டால் அது வெறும் கெட்ட பழக்கம் அல்ல, நோய்.

ஒரே பாளை, இரண்டு கலயம்

நம் முன்னோரில் பெரும்பாலோர் பனையேறி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் விடியற்காலையில் இறங்குவது அக்கானி. பதநீர் என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிறது. மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறும் உழைப்பும் ஒன்று. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்.

அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி. கருப்பட்டியை விற்று வீட்டுக்கு அரிசி வாங்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். கள்ளைக் குடித்தால் அன்றைய கூலி அன்றே போயிற்று. பனைக்கு வரி, தலைக்கு வரி, கூலியில்லாத ஊழியம் என்று திருவிதாங்கூர் அரசு நம் முன்னோரை வாட்டிய காலம் அது. பசியும் அவமானமும் தாங்காமல் சிலர் கள்ளில் துயரத்தை மறக்கப் பார்த்தார்கள். பேய்களுக்கு ஆடும் கோழியும் பலியிட்டு, சாராயம் படைத்து, படைத்ததைத் தாங்களும் குடிக்கும் வழக்கமும் இருந்தது.

1833-ஆம் ஆண்டு மாசி மாதம் வைகுண்ட அவதாரம் எடுத்து வந்த அய்யா, அந்த மக்களை எப்படி எழுப்பினார் என்று எண்ணிப் பாருங்கள். அநியாய வரி கொடுக்க வேண்டாம், ஊழியம் செய்ய வேண்டாம் என்றார். பலியும் பேய்ப்படையலும் வேண்டாம் என்றார். தலைகுனிந்து நடந்தவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். அவர்கள் கடற்கரையில் தங்கி, நாள்தோறும் நீராடி, உடுத்த துணியைத் துவைத்து, ஒருவேளை உண்டு தவசு இருந்தார்கள்.

அந்தத் தவசில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, அழுக்கு போக வேண்டுமானால் ஒருநாள் துவைத்தால் போதாது; நாள்தோறும் துவைக்க வேண்டும். இரண்டு, அவர்கள் தனியாகத் துவைக்கவில்லை. எழுநூறு குடும்பமும் ஒன்றாக இருந்து துவைத்தார்கள். குடியை விடுவதற்கும் இவை இரண்டும் வேண்டும். பதினொரு நாள் விரதம் ஒருநாள் துவைத்ததற்குச் சமம். பன்னிரண்டாம் நாள் கூட இருக்க யாரும் இல்லாதவர் தனியாகத் துவைக்கப் போனவர்.

இன்று நம்மைச் சுற்றி

நம் நாட்டின் நிலையைக் கொஞ்சம் பார்ப்போம். மத்திய சமூக நீதித்துறைக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்று அது சொல்கிறது. அவர்களில் 5 கோடிக்கும் அதிகமானவர்களுக்குக் குடியால் வந்த பாதிப்புக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேரும் வீட்டிலும் தெருவிலும்தான் இருக்கிறார்கள். நம் தாங்கலின் சுற்றுச்சுவருக்கு வெளியேயும் இருக்கிறார்கள்.

தமிழகத்தில் மதுவிலக்கு வந்தும் போயும் இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. சட்டம் எது வந்தாலும் போனாலும், குடிக்கிற கை நம் வீட்டுக் கையாக இருக்கக் கூடாது என்பதே நமக்கு முக்கியம்.

நம் குமரி மாவட்டத்து மண்ணிலேயே இதற்காக ஓர் உயிர் போயிருக்கிறது. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது, 2015 ஜூலை 31 அன்று உயிர் நீத்தார். எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் பிள்ளைகளுக்காக உயிர் விட்டார் என்பதை மறக்கக் கூடாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததையும் மறக்கக் கூடாது. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். மெத்தனாலுக்கும் சாராயத்துக்கும் பார்வைக்கோ வாசனைக்கோ பெரிய வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போனபின் அது கண் நரம்பைத் தின்னும் அமிலமாக மாறுகிறது. வயிற்றுவலி, வாந்தி, கண்மங்கல் வந்தால், உறங்கினால் சரியாகும் என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். சில மணி நேரத் தாமதம் கண்ணையும் உயிரையும் கொண்டுபோய்விடும்.

இளம் பிள்ளைகளிடம் இப்போது வேறு சில பொருள்களும் புகுந்திருக்கின்றன. உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலம், கஞ்சா, வலிக்குக் கொடுக்கும் மாத்திரையைப் போதைக்காகப் பயன்படுத்துவது இவையெல்லாம் பள்ளி, கல்லூரி வாசல் வரை வந்துவிட்டன. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் கொடுமையும் நடக்கிறது. மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகிறது. அதற்குள் தொடங்கும் பிள்ளை எளிதில் அடிமையாகும். மதுவின் வாசனை காட்டிக் கொடுக்கும். மாத்திரை போன்றவற்றுக்கு அந்த வாசனை இல்லாததால் பெற்றோர் அறியாமலே போகிறார்கள். பிள்ளை திடீரென்று தனிமையை நாடுவது, படிப்பில் பின்தங்குவது, வீட்டில் பணம் குறைவது, புதிய நண்பர்களைப் பற்றிப் பேச மறுப்பது ஆகியவற்றைக் கண்டால் அடிக்காமல், உட்கார வைத்துக் கேளுங்கள்.

உடம்பும் வீடும்

"பீர்தானே குடிக்கிறேன்" என்று சொல்வோர் உண்டு. கணக்குப் பாருங்கள். 8 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத பிராந்தியில் 120 மில்லி குடித்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். கண்ணாடி பெரிதானதால் நஞ்சு குறைவதில்லை.

மதுவைக் கரைக்கும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. நாள்தோறும் குடித்தால் முதலில் அதில் கொழுப்பு படிகிறது. இந்தக் கட்டத்தில் குடியை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்து வீக்கமும் காமாலையும் வருகின்றன. அதன்பின் கல்லீரல் சுருங்கி இறுகுகிறது. வயிற்றில் நீர் கோக்கிறது. உணவுக்குழாயில் இரத்தக்குழாய் புடைத்து வெடித்து இரத்த வாந்தி வருகிறது. மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே சேர்த்துவிட்டது. 2019-இல் மட்டும் உலகில் சுமார் 26 லட்சம் பேர் மதுவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இனி வீட்டுக் கணக்கு. ஒருவர் நாளொன்றுக்கு 200 ரூபாய் குடிக்குச் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 73,000 ரூபாய். பத்து ஆண்டில் 7 லட்சத்து 30 ஆயிரம். ஒரு மகளின் படிப்பு அதில் இருக்கிறது. ஒரு சிறிய வீட்டுக்குக் கூரை அதில் இருக்கிறது. பணக்கணக்கில் வராத செலவு இன்னும் பெரிது. அப்பா வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு உறங்குவது போல நடிக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அடிவாங்கிய கன்னத்தைச் சேலைத்தலைப்பால் மறைத்துக்கொண்டு தாங்கலில் விளக்கேற்றும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கண்ணீர் விழுந்த இடத்தில் நாம் செய்யும் பணிவிடையை அய்யா எப்படி ஏற்பார்?

என் வீட்டில் நடந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பலநாள் யோசித்தேன். மற்றவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என் அக்காளின் கணவர் நல்ல உழைப்பாளி. எங்கள் தாங்கல் திருவிழாவில் வாகனம் தூக்குவதில் முதல் ஆளாகத் தோள் கொடுப்பார். குடி அவரைப் பிடித்தது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் விடுவார், பன்னிரண்டாம் நாள் தொடங்குவார். மூன்று நான்கு முறை இப்படி ஆனதும் நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். "குடித்த வாயோடு தாங்கல் பக்கம் வராதீங்க அத்தான்" என்று எல்லோர் முன்னும் சொன்னேன். அதன்பிறகு அவர் உள்ளே வரவில்லை. ஏடு வாசிப்பு நடக்கும் மாலைகளில் எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்று கேட்டுவிட்டுப் போவார். நான் பார்த்தும் பாராதது போல் இருந்தேன். என் நாவில் அகிலம் இருந்தது. என் மனத்தில் அவருக்கு இடம் இல்லை.

ஓர் ஆவணியில் அவர் யாரிடமும் சொல்லாமல் குடியைச் சட்டென்று நிறுத்தினார். முதல்நாள் கை நடுங்கியது, வியர்த்தது. இரண்டாம் நாள் உறக்கமில்லை. மூன்றாம் நாள் இரவு, இல்லாத ஆட்களோடு பேசினார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டினார். வீட்டில் எல்லோரும் பேய்க்கோளாறு என்றே எண்ணினோம். அக்காள் என்னிடம் ஓடி வந்தாள். நான் தாங்கலிலிருந்து பதம் எடுத்துப் போய்க் கொடுத்து நாமம் இட்டேன். "விடியட்டும், பார்ப்போம்" என்றேன். விடியும் முன் வலிப்பு வந்து அவர் போய்விட்டார்.

பிறகு ஒரு மருத்துவர் எனக்கு விளக்கிச் சொன்னார். பல ஆண்டுகளாக நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை பிதற்றலும் இல்லாதது தெரிவதும் வரலாம். அது பேயல்ல, மூளை மதுவுக்குப் பழகிப்போனதால் வரும் ஆபத்தான நிலை. மருத்துவமனையில் மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும், கண்காணிப்பும் கொடுத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். அத்தான் கெட்ட எண்ணத்தால் சாகவில்லை. திருந்த வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, தனியாக, உதவியில்லாமல் முயன்றதால் இறந்தார். அன்று விடியட்டும் என்று சொன்னவன் நான்.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் தாங்கலுக்கு வரும் ஒரு கொத்தனாருக்கும் இதே நிலை வந்தது. அவருடைய அம்மா பதம் வாங்க ஓடி வந்தார். இந்த முறை பதம் கொடுத்த கையோடு 108-க்கும் போன் செய்தேன். நானும் வண்டியில் ஏறிப் போனேன். பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். வெளியே வந்தபின் ஒருமுறை தவறி மறுபடியும் குடித்தார். தாங்கல் பெரியவர் அவரை ஒரு சொல் ஏசவில்லை. "நாளைக்குக் காலையில வந்து முற்றம் பெருக்குடே" என்று மட்டும் சொன்னார். வந்தார். இன்றும் வருகிறார்.

தாங்கல் என்றால் தாங்குவது

நிழல் தாங்கல் என்ற பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். நிழல் கொடுத்துத் தாங்கும் இடம் என்பதே அதன் பொருள். தாழ்ந்து கிடப்பவரைக் காத்து உயர்த்துவதே தர்மம் என்பது அய்யா நமக்குத் தந்த போதனையின் உயிர். குடித்துத் தெருவில் விழுந்து கிடப்பவரைவிடத் தாழ்ந்து கிடப்பவர் யார்?

அப்படியானால் குடித்தவரை உள்ளே விடலாமா என்று கேட்பீர்கள். தாங்கலின் தூய்மையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மது வெளியேதான் நிற்க வேண்டும். மனிதர் வெளியே நிற்க வேண்டியதில்லை. போதை தெளிந்து, குளித்து, வெள்ளை உடுத்து வந்தால் நேற்று அவர் கிடந்த கிடையை யாரும் நினைவூட்டக் கூடாது. ஒவ்வொரு தாங்கலும் செய்யக்கூடியவை சில:

1. திருவிழாவின் பதினோராம் நாளே, குடியை விட விரும்புகிறவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பன்னிரண்டாம் நாள் மாலை அவர்களுக்குத் தாங்கலில் ஒரு வேலை கொடுங்கள். பந்தல் பிரிப்பது, பாத்திரம் கழுவுவது எதுவாயினும் சரி. குடிக்கும் ஆசை பெரும்பாலும் சில நிமிடம் பொங்கி நின்று தணியும். அந்த நேரத்தில் கையில் வேலையும் பக்கத்தில் ஆளும் இருந்தால் பெரிய உதவி.

2. நாள்தோறும் நிறையக் குடிப்பவரிடம் "இன்றே நிறுத்து" என்று சத்தியம் வாங்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுக்கம், பிதற்றல், வலிப்பு கண்டால் 108-ஐ அழையுங்கள். பதமும் கொடுங்கள், வண்டியும் கூப்பிடுங்கள். அய்யாவின் அருள் மருத்துவர் கை வழியாகவும் வரும்.

3. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது மிகவும் ஆபத்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மது குடித்தால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தக் குறைவு வந்து உயிரே போகலாம். மருத்துவர் சொல்லி, அவரும் அறிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது.

4. போதையிலிருந்து மீள உதவும் தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இவ்விரண்டையும் தாங்கல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

5. சமய வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைப் பற்றிச் சொல்லுங்கள். பயமுறுத்தாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

6. குடிப்பவரின் மனைவியையும் பிள்ளைகளையும் மறவாதீர்கள். "நீ சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்" என்று அந்தப் பெண்ணிடம் ஒருவரும் கேட்கக் கூடாது. அடி விழும் வீடானால், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் பாதுகாப்பு தேடிக் கொடுங்கள். பொறுத்துப்போ என்று திருப்பி அனுப்புவது தர்மம் அல்ல.

7. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் மது ஊற்றும் வழக்கத்தை நம் மக்கள் கைவிட வேண்டும். திருந்தி வரும் ஒருவரை மறுபடியும் விழத்தட்டுவது பெரும்பாலும் இத்தகைய விருந்துதான்.

தவறி விழுந்தவருக்கு ஒரு சொல்

விட்டு மறுபடியும் குடித்தவர் "என்னால் முடியாது, அய்யா என்னைக் கைவிட்டார்" என்று எண்ண வேண்டாம். இந்த நோயில் இடையில் தவறுவது பலருக்கும் நடக்கிறது. பனையேறுகிறவர் கால் வழுக்கினால் மரத்தைப் பழிப்பதில்லை. திளாப்பைச் சரிசெய்து மறுபடியும் ஏறுகிறார். எங்கே வழுக்கியது என்று பாருங்கள். யாரோடு இருந்தபோது, எந்த வேளையில், எந்த வழியாகப் போனபோது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் சுண்ணாம்பு தடவுங்கள். கூலி வாங்கும் நாளில் மனைவியையோ தாயையோ உடன் வரச் சொல்வது ஒரு விரல் சுண்ணாம்பு. கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றுவழியாக வீடு திரும்புவது ஒரு விரல் சுண்ணாம்பு. மாலை வேளையில் உகப்படிப்புக்கு வந்து உட்காருவதும் அப்படித்தான்.

நம் பதிகளிலும் தாங்கல்களிலும் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருக்கிறோம். உள்ளே பார்த்தால் நம் முகம்தான் தெரிகிறது. அய்யா நமக்குள் இருக்கிறார் என்பதை அது சொல்கிறது. குடித்துக் கெட்ட முகத்தையும் அந்தக் கண்ணாடி காட்டும், திருந்தி வந்த முகத்தையும் காட்டும். ஒருவரையும் அது திருப்பி அனுப்பியதில்லை. திருப்பி அனுப்பியவர்கள் நாம்தான். என் அத்தான் வேப்பமரத்தடியில் நின்ற தூரம் இருபது அடிகூட இருக்காது. அந்த இருபது அடியை நான் நடந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் இன்று யாராவது ஒருவர் அப்படி நின்றுகொண்டிருப்பார். இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் அவரிடம் போய்ப் பேசுங்கள்.

சிந்தனைக்கு

1. துவையல் தவசில் எழுநூறு குடும்பங்கள் ஒன்றாக இருந்ததிலிருந்து, குடியை விட முயலும் ஒருவருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

2. நம் தாங்கலில் வருகின்ற திருவிழாவின் பன்னிரண்டாம் நாளுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

3. நீண்டநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் என்னென்ன அறிகுறிகள் வரலாம்? அப்போது உடனே செய்ய வேண்டியது என்ன?

4. என் அன்றாட வாழ்வில் நான் சுண்ணாம்பு தடவ வேண்டிய கலயம் எது?

அய்யா உண்டு.